விறகு லீடர்

போன மாதம் ஒரு பிற்பகல், குன்னூரில் நான் படித்த ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

அந்த அறையில் நாங்கள் ஒரு புளியங்கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டாலும் பெரிய வாத்தியார் கண்டுபிடித்துவிடுவார். இப்போது அங்கே கோடு போட்ட டை கட்டிய பணியாளர் ஒருவர், சிலேட்டில் எழுதிய பலகாரப் பட்டியலை நீட்டி, மேடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று குனிந்து கேட்கிறார். கரும்பலகை பழைய இடத்திலேயே இருக்கிறது. அதில் இன்றைய சூப் என்ன என்று எழுதியிருக்கிறது.

எனக்கு எதிரே பாக்கியம். இதே அறையில் என்னோடு படித்தவள். அதற்குப் பிறகு நாற்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். எப்போது எழுந்திருக்கச் சொல்வார்களோ என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிக்கடைப் பை. பைக்குள் அவளுடைய அட்டைகள், மனுக்கள், நகல்கள். எல்லாவற்றிலும் அவள் பெயர் சரியாக இருந்தது. ஒன்றிலாவது வயது சரியாக இருக்க வேண்டுமே!

டீ குடிக்க நாங்கள் அங்கே போகவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்குப் போட்டு, விரித்த நிலையில் ஒரு பெரிய நோட்டை வைத்திருந்தார்கள். எங்கள் பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேடு அது. அதைத் திறந்து இரண்டு பக்கம் புரட்டிப் பார்க்க அனுமதி கேட்டுவிட்டு, மேனேஜருக்காகக் காத்திருந்தோம்.

இந்தத் தொடரில் போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் நாத்தனார் மூன்று நாள் பேசவில்லை. இந்த வாரம் மனிதர்கள் யாரையும் குறை சொல்ல மாட்டேன், ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கிறேன்.

கட்டடம் பார்த்த உத்தியோகங்கள்

பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறினால், சைப்ரஸ் மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கட்டடம். வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டியது. தடித்த கல் சுவர், ஆள் உயர ஜன்னல்கள், அறைக்கு ஒரு கணப்பு, கூரைமேல் வரிசையாகப் புகைபோக்கிகள். அவர்கள் போன பிறகு கட்டடம் எங்களுக்குக் கிடைத்தது. கணப்புகளும் கிடைத்தன. அவற்றுக்கு விறகு மட்டும் யாரும் விட்டுப் போகவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நான் எட்டாவது முடித்துப் போன சில வருடங்களில் பள்ளிக்கு வேறு இடத்தில் புதுக் கட்டடம் வந்தது. அன்றிலிருந்து இந்தக் கட்டடம் பார்க்காத உத்தியோகம் இல்லை. முதலில் தட்டச்சுப் பயிற்சிக் கூடம். நான் விரல் பழகியது அங்கேதான். அந்தத் தயவில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் ஆனேன்.

அப்புறம் அது ரேஷன் கார்டு அலுவலகமானது. நாலாம் வகுப்பில் எந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேனோ, அதே ஜன்னலுக்கு வெளியே நின்று என் மகளின் பெயரைச் சேர்க்க மனுக் கொடுத்தேன். உள்ளே இருந்தவர் என்னை அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொன்னார். அது மூன்றாம் வகுப்பு. முப்பது வயதுக்கு மேல் வகுப்பு இறக்கப்பட்ட பெண் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கொஞ்ச காலம் ஓட்டுப்பெட்டிக் கிடங்காக இருந்தது. காலிப் பெட்டிகளுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு காவல் இருந்தார்கள். ஒரு தடவை சினிமாக்காரர்கள் வந்து ஒரு வாரம் அதைப் பேய் பங்களாவாக்கினார்கள். இருக்கிற ஒட்டடை போதாது என்று கோயமுத்தூரிலிருந்து ஒட்டடை தருவித்தார்கள்.

ஒரு ஐப்பசி மழையில் மலை சரிந்தபோது அது நிவாரண முகாமாக இருந்தது. பாக்கியம் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடு, லயம் என்பார்கள், அதன் பின்சுவர் மண்ணோடு போய்விட்டது. பதினோரு நாள் அவள் குடும்பம் அந்தக் கட்டடத்தில் இருந்தது. எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் சேர்த்துக் கொடுத்த கம்பளிகளோடு நான் போனபோது, இந்த ஐந்தாம் வகுப்புக் கணப்பில் ஓர் உடைந்த பெஞ்சைப் போட்டு எரித்து, அவள் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள்.

"இந்த அடுப்பு இம்புட்டு நல்லா எரியும்னு அப்ப தெரியாமப் போச்சு ராஜி" என்று சிரித்தாள்.

நான் கம்பளியைக் கொடுத்துவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லி வந்துவிட்டேன். வேலை எதுவும் இல்லை.

இப்போது அது பாரம்பரிய விடுதி. தலைமை ஆசிரியர் அறையில் புதுமணத் தம்பதிகளைத் தங்க வைக்கிறார்கள். தேநீர் நேரத்துக்குப் பழைய பள்ளி மணியை அடிக்கிறார்கள். நாங்கள் முட்டி போட்ட மூலைக்கு ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வரும் விருந்தினர்கள் வரிசையில் நின்று, அங்கே முட்டி போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை.

ஒரே நாளில் பிறந்தவர்கள்

பாக்கியம் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்து வேலை முடிந்து, கணவரும் போன பிறகு, அவள் முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டாள். திரும்பி வந்துவிட்டது. எப்போதோ ஒரு முகாமில் போட்டுக் கொடுத்த அடையாள அட்டையில் அவள் பிறந்த வருடம் எங்கோ வழுக்கிவிட்டிருந்தது. அட்டைப்படி அவளுக்கும் அவளுடைய மூத்த மகனுக்கும் ஏழு வயதுதான் வித்தியாசம்.

அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். "ஏனுங்க, ஏழு வயசுல யாராச்சும் புள்ள பெத்துக்குவாங்களா? எனக்கு மட்டும் தெரியாதுங்களா? ஆனா அட்டையில இருக்கறதுதானுங்க எங்களுக்குப் பேசும்" என்றார். பள்ளிக்கூடப் பதிவு ஏதாவது கொண்டு வந்தால் திருத்திவிடலாம் என்றும் சொன்னார்.

பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தேதிதானே ராஜி. பெரிய வாத்தியார் எழுதுனாரே."

எழுதினார். என் தேதியே ஒரு கைவேலைதான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என்னை அழைத்துப் போனபோது, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் பெரிய வாத்தியார். தொட்டுவிட்டேன். காது எட்டினால் ஐந்து வயது. ஐந்து வயது என்றால் பிறந்த நாள் ஜூன் ஒன்று. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். அந்த ஒரு நாளில் குன்னூர் மருத்துவச்சிகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பாக்கியம் நாலாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். இலங்கையிலிருந்து கப்பலேறி, முகாமில் இருந்து, தோட்டத்துக்கு வந்த குடும்பம். கண்டிப் பக்கம் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன வருடம் பிறந்தவள் என்று அவள் அப்பா சொன்னார். அந்தப் பாலத்தை நான் எங்கே போய்த் தேடுவது என்றார் பெரிய வாத்தியார். என்னைக் கூப்பிட்டு அவள் பக்கத்தில் நிற்க வைத்து, எங்கள் இரண்டு தலைகள் மேலும் அடிக்கோலை வைத்தார். கோல் மட்டமாக நின்றது. என் தேதியையே அவளுக்கும் எழுதினார்.

அந்தக் கற்பனைத் தேதியின்படிதான் தொழிற்சாலை எனக்கு ஓய்வு கொடுத்தது. சாப்பாடு போட்டு, மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. அதே தேதிதான் பாக்கியத்துக்கும். ஒரே வித்தியாசம், என் தேதி சான்றிதழில் இருந்தது; பதிவேட்டில் மட்டும் இருந்த அவள் தேதியை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

புதுப் பள்ளியில் கேட்டால், அந்தப் பதிவேடு இங்கே வரவே இல்லை என்றார்கள். மேலிடத்தில் கேட்டால், எல்லாவற்றையும் ஒப்படைத்தாகிவிட்டது என்றார்கள். அது ஓட்டுப்பெட்டிகளுக்கு அடியில் வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது. விடுதிக்காரர்கள் இடத்தைச் சுத்தம் செய்தபோது எடுத்து, கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். என் மருமகன் அங்கே தங்கி எடுத்து அனுப்பிய படத்தில்தான் அதைப் பார்த்தேன். முன்னால் பிரியாணி, பின்னால் பதிவேடு.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அந்தப் பதிவேட்டில் தேதி மட்டும் இருக்கவில்லை.

ஈர விறகு

கணப்புக்கு விறகு விட்டுப் போகவில்லை என்று சொன்னேனே, அதற்குப் பெரிய வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தினமும் ஆளுக்கொரு விறகு கொண்டு வர வேண்டும். கொண்டு வராதவர்கள் வராந்தாவில் நிற்க வேண்டும். தொடர்ந்து ஏழு நாள் கொண்டு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்.

எங்கள் அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்து கீழ் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்ததும் டிப்போவிலிருந்து ஒரு வண்டி விறகு அனுப்பிவிடுவார். அதனால் நான் தினமும் கொண்டு வர வேண்டியதில்லை. கொண்டு வர வேண்டாதவளைத்தான் கொண்டு வருகிறவர்களைச் சோதிக்கப் போட்டார்கள். எனக்கு விறகு லீடர் என்று பெயர். நீள நோட்டோடு வாசலில் நிற்பேன். அந்த வயதில் கிடைத்த அதிகாரம் பிறகு எந்த உத்தியோகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

விறகு ஈரமாக இருந்தால் அறை முழுக்கப் புகையும். ஆகவே ஈர விறகு கணக்கில் சேராது என்று ஒரு சட்டம் வந்தது. அதைப் போட்டவர் பெரிய வாத்தியார் இல்லை. நான். ஒவ்வொரு விறகையும் வாங்கி, உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பேன். ஈரம் ஒட்டினால் 'இல்லை' என்று எழுதுவேன்.

ஆடி மாதம் இந்த மலையில் எந்த விறகு காய்ந்திருக்கும்? டிப்போ விறகுதான் காய்ந்திருக்கும். லயத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி உலர்த்துகிற விறகு சோறு பொங்கவே பற்றாது. பாக்கியம் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டையைப் பொறுக்கி எடுத்து, தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு, தினமும் மேடேறி வருவாள். கட்டையிலிருந்து தண்ணீர் சொட்டும். நான் அழுத்திப் பார்த்து 'இல்லை' என்று எழுதுவேன். அவள் கட்டையைச் சுவரோரம் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போவாள்.

வராந்தாவில் நின்றபடியே மனக்கணக்குக்கு ஜன்னல் வழியாக விரல்களைக் காட்டுவாள். உள்ளே இருக்கிற எங்களுக்கு முன்னால் விடை வந்துவிடும். அவள் வருகிறவரை மனக்கணக்கில் நான்தான் முதல். இந்த விவரத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஏழாவது நாள் நோட்டை எடுத்துக்கொண்டு பெரிய வாத்தியாரிடம் போனேன். அவர் கண்ணாடியை மாட்டி, பதிவேட்டைத் திறந்து, கடைசிக் கட்டத்தில் ஏதோ எழுதினார். பெயரை அடிக்கும்போது அதற்கான காரணத்தையும் ஒளிக்காமல் எழுதுவது அவர் வழக்கம். அடுத்த வாரம் பாக்கியம், தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் என்று சொன்னார்கள்.

மறந்துவிட்டிருந்தேன் என்று எழுத ஆசை. ஒரு நாளும் மறக்கவில்லை. அந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஒரு நிமிட இனிய நினைவு

மேனேஜர் வந்தார். இளவயதுக்காரர், மிகவும் மரியாதை தெரிந்தவர். பதிவேடு பழம்பொருள் என்பதால் திறக்கக் கூடாது, காற்றில் ஈரம் அதிகம் என்றார். இந்த ஊரில் ஈரத்தைக் காட்டி மறுப்பது எனக்குப் புதிதில்லை.

அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினோம். ஏழு வயது வித்தியாசத்தைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, முன்னாள் மாணவர்களுக்கு விடுதியில் ஒரு திட்டம் இருக்கிறது என்றார். செல்போன் காமிராவுக்கு முன்னால் ஒரு நிமிடம், பள்ளியைப் பற்றி ஓர் இனிய நினைவைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் விடுதிக் குடும்பத்தினர். குடும்பத்தினருக்குப் பதிவேட்டைத் திறந்து காட்டுவதில் தடையில்லை.

நான் சொன்னேன். எழுதிப் பிழைக்கிற வாய், சும்மா இருக்குமா! பனிமூட்டத்துக்குள் ஆளுக்கொரு விறகோடு நாங்கள் மேடேறி வந்ததையும், கணப்பில் யூகலிப்டஸ் பட்டை வெடித்து மணத்ததையும், ஒரு நெருப்பைச் சுற்றி எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் குளிர்காய்ந்ததையும் சொன்னேன். அடுத்த மேசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் என்று சொன்னபோது நான் பாக்கியம் பக்கம் திரும்பவில்லை.

செல்போன் அவள் பக்கம் திரும்பியது.

"குளிரா இருக்கும்" என்றாள்.

மேனேஜர் மேலும் வரும் என்று காத்திருந்தார். பிறகு, அதுவே போதும் என்று செல்போனை அணைத்தார்.

வெள்ளைக் கையுறை

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பதிவேட்டை எங்கள் மேசைமேல் வைத்து, ஆளுக்கொரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். காகிதத்தில் விரல் படக் கூடாதாம். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல்கள் பாக்கியத்துக்கு. கையுறை பெருவிரல் கணுவில் சிக்கிக்கொண்டு ஏற மறுத்தது. நான் புரட்டுகிறேன் என்றேன். கேட்காமல் இழுத்து மாட்டிக்கொண்டு அவளே புரட்டினாள்.

கிடைத்துவிட்டது. அவள் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், ஜூன் ஒன்று. வருடம் என் வருடம். மேனேஜர் நாலைந்து கோணத்தில் படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்தையும் பதிவேட்டையும் பார்த்துப் புதுப் பள்ளித் தலைமை ஆசிரியை பிறகு சான்று எழுதிக் கொடுத்ததும், குமாஸ்தா வயதைத் திருத்தியதும், இந்த மாதம் பாக்கியத்துக்கு உதவித்தொகை வந்துவிட்டதும் நடந்த கதை. பெரிய வாத்தியார் அடிக்கோலை வைத்துக் கண்டுபிடித்த தேதி இரண்டாவது தடவையும் சோறு போட்டது.

ஆனால் அன்றைக்கு அந்த மேசையில் எனக்கு இருந்த அவசரம் வேறு.

"தேதிதான் கெடைச்சிருச்சே பாக்கியம், மூடிரலாம்" என்றேன்.

வெள்ளைக் கையுறை போட்ட விரல் தேதியில் நிற்கவில்லை. அந்த வரிசையிலேயே மெல்ல நகர்ந்து கடைசிக் கட்டத்துக்குப் போனது. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பில் முதல் இரண்டு மாதம் வரைக்கும்தான். எழுத்துக் கூட்டி, சத்தமாகவே படித்தாள்.

"தொடர்ந்து ஏழு நாள் விறகு கொண்டு வராமை. விறகு லீடர் புகார். பெயர் நீக்கப்பட்டது."

மேனேஜருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இனிமேல் இந்தப் பக்கத்தையே கண்ணாடிக்குள் விரித்து வைக்கலாமே என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதும் எழுந்து போனார். நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

"நான் தெனமும் கொண்டாந்தேன்ல ராஜி" என்றாள் பாக்கியம்.

"கொண்டாந்தே. ஈரமா இருக்குதுன்னு நாந்தான் இல்லேன்னு எழுதுனேன்." ஐம்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "என்னைய மன்னிச்சுக்க பாக்கியம்."

"நோட்டு உன் கையிலதானே இருந்துச்சு. தெரியாமலா இருப்பேன்" என்றாள். கோபம் இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும். கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, பதிவேட்டின் பக்கத்தில் வைத்தாள்.

வெளியே பனி இறங்கி ஜன்னல் வெளுத்துவிட்டது. டை கட்டிய பணியாளர் வந்து கணப்பைப் பற்ற வைத்தார். பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை, அது நிறைய ஒரே அளவில் அறுத்து அடுக்கிய விறகு. குளிராக இருந்தால் இன்னும் போடச் சொல்லுங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியம் எழுந்தாள். கூடையிலிருந்து ஒரு விறகை எடுத்தாள். அதோடு வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து, என் முன்னால் நின்று நீட்டினாள்.

"இந்தா. இன்னைக்கிக் கொண்டாந்துட்டேன். எழுதிக்க."

வாங்கிக்கொண்டேன். பழக்கம் போகாத என் கை, நான் நினைக்கும் முன்பே அதை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டது. காய்ந்த விறகுதான்.